வல்லி கையெழுத்துப் போடாத லேபிள்

ஒரு லேபிளின் சிவப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லோடு ஏறியதையும் லாரி கிளம்பியதையும் போடுகிற எங்கள் அச்சக வாட்ஸ்அப் குழுவில், "கற்பகவல்லி மேடம் காலமாயிட்டாங்க" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் கையிலிருந்த தாளை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெஷின்மேன் வந்து தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "கெளம்புங்கண்ணே, இத நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார்.

காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. விடுப்பு கேட்டு அவர் அனுப்பிய கடைசிச் செய்தி என் போனில் இருக்கிறது. "காய்ச்சல். வரவில்லை. சங்குசக்கர லேபிளை நிறுத்தி வையுங்கள்." மூன்று வாக்கியம், ஒரு சொல் அதிகமில்லை. ஆளே அப்படித்தான்.

வல்லியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விருதுநகரிலிருந்து காலைப் பேருந்தில் அவரோடு வந்தவர்கள், சூலக்கரையில் அவர் கணவரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது அவரிடம் மனுவைத் திருத்தி வாங்கிக்கொண்டவர்கள், எங்கள் அச்சகத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், எல்லோரும் இதைப் படிப்பார்கள். அவர் எழுதியதைப் படித்தவர்கள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அதில் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

எங்கள் முதலாளி குடும்பத்துக்கு அச்சகமும் உண்டு, பட்டாசுக் கம்பெனியும் உண்டு. பட்டாசு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தயாராகும். பெட்டியும் லேபிளும் சிவகாசியில் எங்களிடம் அச்சாகும். வெளிமாநிலங்களுக்கும் போகிற சரக்கு என்பதால் லேபிளின் பின்பக்கத்தில் ஆங்கிலம் வேண்டும். அந்த ஆங்கிலம் வல்லியுடையது. வியாபாரிகளுக்குப் போகிற கடிதங்களும் அவர் எழுதியவைதான். நான் டிசைன் பிரிவு. படம் என் பொறுப்பு, வாக்கியம் அவர் பொறுப்பு. ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் பல வருடம் உட்கார்ந்திருந்தோம். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். என் படங்களுக்கு மட்டும் ஒரு மரியாதையும் கிடையாது. "பூ நல்லாத்தான் இருக்குண்ணே. கொஞ்சம் தள்ளி வச்சீகன்னா என் எழுத்து மூச்சு விடும்" என்பார்.

அவர் வருவதற்கு முன்னால் லேபிளுக்கு ஆங்கிலம் எழுதுவது என்று ஒரு வேலையே எங்களிடம் இருந்ததில்லை. புது ஐட்டம் வந்தால், அதைப் போலத் தெரிகிற பழைய பெட்டி ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தை அப்படியே அடித்துவிடுவோம். அந்தப் பழைய பெட்டியும் அதற்கு முந்தைய பெட்டியைப் பார்த்து அடித்ததுதான். முதல் பெட்டியை எழுதிய புண்ணியவான் யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது. "பற்றவைத்தலுக்குப் பின் போதிய இடைவெளி பேணப்படுதல் உறுதி செய்யப்பட வேண்டும்" என்று தமிழில் ஒரு வாக்கியம் இருந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஆங்கிலம் அப்படித்தான் இருந்தது. படிக்கக் கம்பீரமாக இருக்கும். யார் எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் இருக்காது.

வந்த புதிதில் ஒருநாள் வல்லி, கடைகளில் காட்சிக்கு வைக்கிற மருந்தில்லாத டம்மிப் புஸ்வாணம் ஒன்றை என் கையில் கொடுத்தார். எதிரே நின்றுகொண்டு பழைய பெட்டியை எடுத்தார்.

"நான் வாசிக்கிறத மட்டும் செய்ங்கண்ணே. நீங்களா எதுவும் செய்யக் கூடாது."

அவர் வாசித்தார். நீளமான ஆங்கில வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் புஸ்வாணத்தைப் பிடித்தபடி நின்றேன். மேற்பார்வை பற்றி வந்தது, இடைவெளி பற்றி வந்தது, பொறுப்பு பற்றி வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"தீ வச்சாச்சு. இன்னும் கையிலயே வச்சிருக்கீக" என்றார் வல்லி.

"கீழ வைக்கச் சொல்லலியேம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பிறகு ஒரு தாளில் நான்கு வரி எழுதி, அதை வாசித்தார். ப்ளேஸ். லைட். ஸ்டெப் பேக். வாட்ச். தரையில் வை, பற்றவை, பின்னால் நகரு, பார். அவர் வாசிக்க வாசிக்க நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், பின்னால் போனேன். என் ஆங்கிலம் டிப்ளமோவோடு நின்றுபோன ஆங்கிலம். அதற்கே கால் நகர்ந்தது. "கை கால் நகருதுல்ல, அப்ப வாக்கியம் வேல பாக்குது" என்றார். அன்றிலிருந்து எங்கள் அச்சகத்தில் எந்த லேபிளும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. டீ கொண்டுவந்தவர், லாரி டிரைவர், வரி ஆலோசகர் என்று யார் உள்ளே வந்தாலும் அவர் கையில் ஒரு டம்மி திணிக்கப்படும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர், யாரையும் ஒருமையில் பேசிக் கேட்டதில்லை. பாரம் தூக்குகிறவரையும் "வாங்க, சாப்பிட்டீகளா" என்றுதான் கேட்பார். அவர் வல்லியின் நான்கு வரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, வை, கொளுத்து, தள்ளிப்போன்னு. காசு கொடுத்து வாங்குறவுகள நாம ஏவுற மாதிரில்ல இருக்கு. ஒரு கைண்ட்லி போடுங்க, ஒரு ப்ளீஸ் போடுங்க. நம்ம ஊர்ல யாரு இப்படிப் பேசுறா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் ஆங்கிலத்தில் செய்கிற தவறு இதுதான் என்று வல்லி பின்னால் சொல்வார். நம் பேச்சில் 'க' போட்டு மரியாதை கொடுத்துப் பழகிய வாய், ஆங்கிலத்தில் அந்த 'க'வைத் தேடும். கிடைக்காதபோது வாக்கியத்தைச் சுற்றி வளைத்து, வினையை எங்கோ கடைசியில் ஒளித்து வைத்துவிடும். அன்று அவர் முதலாளியிடம் இத்தனை விளக்கவில்லை. "தீயப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவனுக்கு மரியாதை எதுக்கு அண்ணாச்சி? வழி சொன்னாப் போதும்" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். ஆனாலும் கைண்ட்லியை விடவில்லை, அந்த வருடம் அது சிறிய எழுத்தில் மூலையில் இருந்தது. அடுத்த வருடம் அதையும் வல்லி தூக்கிவிட்டார். முதலாளி கவனித்தாரா என்று தெரியாது.

கடிதங்களிலும் இதே கதைதான். ஒருமுறை மழையால் சரக்கு காய்வது நின்று, வடக்கே ஒரு வியாபாரிக்குப் போக வேண்டிய லோடு தாமதமானது. அலுவலகத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்த ஆங்கிலக் கடிதத்தில், மழை நிலவரம் காரணமாகத் தாமதம் ஏற்பட்டுள்ளது என்றும், தக்க நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது என்றும் இருந்தது. வல்லி அதைப் படித்துவிட்டு, "இதுல தாமதம் தானா வந்திருக்கு, நடவடிக்கை தானா நடக்கப்போவுது. நாம எங்கன இருக்கோம்?" என்று கேட்டார். அவர் எழுதியது இவ்வளவுதான்: மழை எங்கள் களத்தை நிறுத்தியது. இப்போது வெயில் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை உங்கள் லாரியில் ஏற்றுகிறோம். வியாபாரி போனில் கூப்பிட்டு, முதல்முறையாக உங்கள் கடிதம் எனக்குப் புரிந்தது என்று இந்தியில் சொன்னாராம்.

என்னையும் விட்டு வைக்கவில்லை. டிசைனர்கள் கூடுகிற ஒரு நிகழ்ச்சிக்காக என்னைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். வண்ணச் சேர்க்கைப் பணிகளில் ஈடுபட்டு வருகிறேன் என்று பொருள்படும்படி ஒரு வரி. வல்லி அதைப் பார்த்தார். "ஈடுபட்டு வர்றீகளா? ரெண்டு பேரு கலரு கலக்குறாக, நீங்க பக்கத்துல நின்னு வேடிக்க பாக்குறீகளா?" என்றார். நான் கலக்குகிறேன் என்றேன். "அப்ப அத எழுதுங்க." ஐ மிக்ஸ் கலர்ஸ் என்று எழுதினேன். இத்தனை வருடம் செய்த வேலை அன்றுதான் என்னுடையதாகத் தெரிந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்று எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

அவர் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியின் தந்தை காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிற ஒரு பெரியவருக்குப் போன கடிதத்தில், ப்ளீஸ் எல்லாவற்றையும் சீவித் தள்ளிவிட்டார். அனுப்புங்கள், உறுதி செய்யுங்கள், சொல்லுங்கள் என்று வரிக்கு வரி கட்டளை. பெரியவர் மனம் புண்பட்டு, முதலாளி நேரில் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. வல்லி அதற்குச் சாக்குச் சொல்லவில்லை. "பெட்டிக்கு எழுதுறதும் மனுசனுக்கு எழுதுறதும் ஒண்ணில்ல. நான் பெட்டிக்கு எழுதுன மாதிரி எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடிதத்தின் முதல் வரியில் பெரியவரின் பேத்தி கல்யாணத்தை விசாரித்தார். அதையும் நறுக்கென்று ஒரே வரியில்தான் விசாரித்தார் என்பது வேறு.

இதையெல்லாம் விட நான் சொல்ல வேண்டியது அந்தப் புது ஐட்டம் பற்றி.

ஒரு சீசனுக்கு முன் கம்பெனியில் புதிதாக ஒரு ஃபேன்ஸி ஐட்டம் செய்தார்கள். புஸ்வாணம் போலப் பொங்கும், அடங்கும், இருட்டாகிவிடும். முடிந்தது என்று நாம் நினைக்கும்போது மறுபடியும் சீறி, வண்ண உருண்டைகளை மேலே எறியும். அந்த ஏமாற்றுதான் அதன் அழகு. ஏழாயிரம்பண்ணையில் தொழிற்சாலையைத் தாண்டி, கரிசல் பொட்டலில் சாயங்காலம் சோதித்துப் பார்த்தார்கள். வல்லியும் நானும் போயிருந்தோம். வைத்தார்கள், பற்றவைத்தார்கள், அழகாகப் பொங்கி அடங்கியது. விற்பனை பார்க்கிற பாண்டி, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டுக்கொண்டே அதன் பக்கம் நடந்தார். குனியப் போன நேரத்தில் அது சீறியது. சட்டைக் கை கருகியது, ஒரு பக்கத்துப் புருவம் போனது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாண்டியே முதலில் சிரித்தார். பயம் தெளிந்ததில் எல்லோரும் சிரித்தோம். வல்லி சிரிக்கவில்லை. "இத்தன பேரு இங்கன நிக்கிறோம். இது ரெண்டு தடவ வரும்னு தெரிஞ்ச ஆளுதான் அவரு. அவரே போயிட்டாரு" என்றார்.

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு வந்தால், அந்த ஐட்டத்தின் லேபிள் மெஷினில் ஏறியிருந்தது. என் பூ பெரிதாக, பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்தில் பழைய புஸ்வாணப் பெட்டியின் வாசகம். அவசரம் என்று யாரோ பழக்கப்படி அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். பற்றவை, நகரு, பார், முடிந்ததும் அப்புறப்படுத்து. வல்லி எழுதிய வாசகம்தான். சாதாரணப் புஸ்வாணத்துக்குச் சரியான வாசகம். இந்த ஐட்டத்துக்கு அதன் கடைசி வரியே ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் அதன் மேல் குனிய வைக்கும்.

எங்களிடம் ப்ரூஃபில் வல்லி கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். மெஷின்மேன் தாளைக் கொண்டுவந்து வைத்தார். வல்லி பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். பின்பக்க வாசகத்தை மாற்ற வேண்டும், அதோடு முன்பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை வர வேண்டும், அதுவரை ஓட்டாதீர்கள் என்றார். முன்பக்கம் என்றால் படம் மாறும், பிளேட் மாறும், படம் மட்டும்தானே என்று முன்கூட்டியே அடித்து அடுக்கியிருந்த முன்பக்கத் தாளெல்லாம் வீண். செய்தி போய் முதலாளி வந்துவிட்டார்.

"சீசன் நேரம்மா. லோடு தப்பிச்சுன்னா அந்த ஆர்டர் அடுத்த வருசம் நமக்கு இல்ல. பின்னாடி ஒரு வரி சேத்துக்கோங்க, நான் வேண்டாங்கல. முன்னாடி எதுக்கு?"

"பின்னாடி யாரும் ரெண்டாவது தடவ படிக்க மாட்டாக அண்ணாச்சி."

"ஒரு கையெழுத்துக்கு எனக்கு வேற ஆளு கெடைக்காதா?"

"கெடைக்கும். அவரு வர்ற வரைக்கும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

இப்படி அவர்கள் பேசிக்கொண்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மெஷின்மேன் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். வல்லிக்கு அந்தச் சம்பளம் வேண்டும். ஜெராக்ஸ் கடையை நம்பி இரண்டு பெண்களைப் படிக்க வைக்க முடியாது. முதலாளிக்கு அந்த ஆர்டர் வேண்டும். இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம்.

வல்லி எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு டம்மியை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "ஒரே ஒரு தடவ அண்ணாச்சி. நான் வாசிக்கிறேன், நீங்க செய்ங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான்."

முதலாளி அதை வாங்கினார். முந்தின நாள் சோதனைக்கு அவர் வரவில்லை. வல்லி ப்ரூஃபில் இருந்ததை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். முதலாளி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு டம்மியைத் தரையில் வைத்தார். பற்றவைப்பதுபோல் கையை நீட்டினார். பின்னால் நகர்ந்து, சுவரோரம் நின்று பார்த்தார். "இப்ப அடங்கிருச்சு, இருட்டாயிருச்சு" என்று வல்லி சொல்லிவிட்டுக் கடைசி வரியை வாசித்தார். முடிந்ததும் அப்புறப்படுத்து. முதலாளி நடந்துவந்தார். அதை எடுக்கக் குனிந்தார். அவர் முகம் அதற்கு நேர் மேலே இருந்தது.

"இப்ப ரெண்டாவது தடவ கெளம்புது அண்ணாச்சி" என்றார் வல்லி, குரலை உயர்த்தாமல்.

முதலாளி குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு.

"என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

வல்லி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். வெயிட். இட் ஃபயர்ஸ் அகெய்ன். ஸ்டே பேக். காத்திரு, இது மறுபடியும் சீறும், தள்ளியே நில். முதலாளி அதைப் படித்துவிட்டு, "இதுல கூட ஒரு ப்ளீஸ் கெடையாதா?" என்றார். "கெடையாது" என்றார் வல்லி. அன்று என் பூவைப் பாதியாகச் சுருக்கினேன். வாழ்க்கையில் நான் மனமுவந்து சுருக்கிய ஒரே பூ அதுதான். லோடு தாமதமாகத்தான் போனது. லேபிளில் ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டோம், அச்சை நிறுத்தினோம், சேர்க்கிறோம் என்று வல்லி வியாபாரிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். வியாபாரி திட்டினார், சரக்கை எடுத்துக்கொண்டார்.

போன தீபாவளிக்கு மதுரையில் என் தங்கை வீட்டில் இருந்தேன். சாயங்காலம் மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு தாய், செல்போன் வெளிச்சத்தில் ஒரு பெட்டியைப் பிடித்து வாசித்தார். தூரத்திலிருந்தே என் பூ எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவர் மகள், நாலு வயசு இருக்கும், புதுப் பாவாடை. பற்றவைத்தார்கள். பொங்கியது, அடங்கியது, இருட்டானது. குழந்தை கைதட்டிக்கொண்டு ஓடினாள். தாய் "வெயிட்" என்றார். பெட்டியில் இருந்த அதே சொல். ஓடிய குழந்தை அந்தச் சொல்லில் நின்றாள். நின்ற பிறகு அது சீறி, தெருவே வெளிச்சமானது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வல்லிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வல்லி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "நின்னாளா?" என்று கேட்டார்.

"நின்னாம்மா."

"அப்பச் சரி. போயிச் சாப்பிடுங்கண்ணே" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த அம்மா யார், எந்தக் கடையில் வாங்கினார், எழுத்து தெளிவாகத் தெரிந்ததா, எதையும் அவர் கேட்கவில்லை. நல்ல ஆங்கிலமா, அழகான வாக்கியமா என்பதெல்லாம் அவருக்கு அதற்கு அப்புறம்தான். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியை. ப்ரூஃபில் கையெழுத்துப் போடும் வேலையை இப்போதைக்கு முதலாளி என்னிடம் கொடுத்திருக்கிறார். என் ஆங்கிலம் வல்லியின் ஆங்கிலத்துக்கு உறை போடக் காணாது. ஆனால் ஒரு வரியைப் படித்தால் குழந்தை நிற்குமா, ஓடுமா என்று சொல்ல எனக்குத் தெரியும். இன்று காலை ஒரு லேபிளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளி கோபமாகத்தான் இருக்கிறார்.